மலையகத்தில் மண் வனைய வருகிறவர்களுக்கு

மட்பாண்ட வேலை பழகி, அதையே பிழைப்பாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது சக்கரத்தைப் பற்றித்தான். எங்கே வாங்கலாம், என்ன விலை, கரண்டில் ஓடுவது நல்லதா, காலால் மிதிப்பது நல்லதா? சக்கரம் மெதுவாக வரட்டும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை என்று எங்கள் பக்கத்தில் இந்த வேலையைத் தொடங்குகிறவருக்கு முதல் தலைவலி ஈரம். வனைந்ததை வெடிக்காமல் காயவைத்துச் சுட்டு எடுக்கத் தெரிந்தவர்தான் இங்கே நிலைத்து நிற்கிறார். அதனால் இந்த வழிகாட்டியில் காயவைப்பதற்கும் சுடுவதற்கும் இடம் கொஞ்சம் தாராளமாகவே போகும்.

எந்தப் பக்கத்து மழை உங்களுடையது?

மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. நாவலப்பிட்டி, வட்டவளை, ஹட்டன் என்று மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விட்டு விட்டுப் பெய்யும். அதே மாதங்களில் பண்டாரவளை, அப்புத்தளை, பதுளைப் பக்கம் வெயிலும் காற்றுமாக இருக்கும். அவர்களுக்கு மழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு இரண்டிலும் பங்கு உண்டு, பனிமூட்டம் வேறு.

வேலையை இதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஹட்டனில் இருப்பவர் ஜூன் மாதத்தில் பெரிய சாடிகளுக்கு ஓர்டர் எடுக்கக் கூடாது. மழை மாதங்களில் சின்னப் பொருட்கள், வகுப்புகள், பூச்சுப் (சுட்டதும் கண்ணாடி போலப் படியும் மேற்பூச்சு) பரிசோதனைகள். காய்ந்த மாதங்களில் பெரிய வேலை. பண்டாரவளை, பதுளை என்று ஊவாப் பக்கத்தில் இருப்பவருக்கு ஜூலை, ஓகஸ்ட் காற்று வேறு விதமான தொல்லை. அடி ஈரமாக இருக்கும்போதே விளிம்பு காய்ந்து வெடிக்கும்.

வேலை செய்யும் இடத்துக்குச் சிமெந்துத் தரை, பக்கத்தில் தண்ணீர், ஒரு பக்கமாவது நல்ல வெளிச்சம் போதும். ஆனால் படுக்கிற அறையில் வேண்டாம். காய்ந்த களித் தூசியில் சிலிக்கா இருக்கிறது, வருடக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும். லயத்துக் காம்பராவில் குடும்பமே ஒரே இடத்தில் புழங்கும்போது அது சரிவராது. வெளியே ஒரு தகரக் கொட்டகை இறக்கிக்கொள்ளுங்கள். அங்கேயும் விளக்குமாறு எடுக்கக் கூடாது. ஈரத்துணியால் துடையுங்கள்.

மண்

தோட்டத்துச் சிவப்பு மண்ணைப் பார்த்ததும் எல்லாமே களி என்று நினைக்கத் தோன்றும். கொஞ்சம் எடுத்து நனைத்து, பென்சில் தடிப்பில் உருட்டி, விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடிப்பு விடாமல் வளைந்தால் வனையலாம். துண்டு துண்டாக விட்டுப்போனால் மணலும் மினுங்கும் மைக்காவும் அதிகம் என்று அர்த்தம். சரிவுகளில் கிடைப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். நல்ல களி பள்ளத்து வயல்களிலும் ஓடை ஓரங்களிலும் படிந்திருக்கும்.

சரிவில் தோண்டவே வேண்டாம். லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேட்டில் நாலு கூடை வெட்டி எடுப்பது சின்ன விஷயமாகத் தெரியும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயல் மண்ணுக்கு வயல்காரரிடமும், தோட்டத்து நிலமென்றால் நிர்வாகத்திடமும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வியாபாரத்துக்காக அளவாகத் தோண்டத் தொடங்கினால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் உரிமம் தேவைப்படும்.

எடுத்த மண்ணை முதலில் நன்றாகக் காயவிட்டு, உடைத்து, பிறகு தண்ணீரில் போடுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஊறப் போட்டால் கட்டி கட்டியாகவே கிடக்கும். காய்ந்த மண் தானாகவே கரையும். கொசுவலைத் துணியில் வடித்து, ஒரு நாள் தெளியவிட்டு, மேல் தண்ணீரை இறுத்து, பழைய தலையணை உறையில் ஊற்றித் தொங்கவிட்டால் போதும். பிசையும் பதம் வந்ததும் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். எவ்வளவு நாள் கிடக்கிறதோ அவ்வளவு நல்லது.

வாங்குவதென்றால், கொழும்பு-கண்டி வீதியில் கேகாலைப் பக்கத்து மொலகொடை பரம்பரையாகச் சட்டி பானை செய்கிற ஊர். சிவப்புக் களியைப் பற்றி அங்கே பேசிப் பார்க்கலாம். வெள்ளைப் பாண்டங்களுக்கான கயோலின் என்ற வெள்ளைக் களிக்குப் பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் படிவுகள் உண்டு, களியிலும் பூச்சிலும் உருகிச் சேர்க்கும் பெல்ட்ஸ்பார் கல் மாத்தளைப் பக்கத்தில் கிடைக்கிறது. நாமே கலந்து பார்க்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். முதல் வருடம் அதை அடக்கிக்கொண்டு ஒரே களியில் வேலை செய்யுங்கள். பாண்டம் வெடித்தால் மண்ணில் பிழையா, கையில் பிழையா என்று பிரித்துப் பார்க்க அப்போதுதான் முடியும்.

எந்த மண்ணானாலும் ஒரு பட்டை செய்து, அதில் 10 சென்ரிமீற்றர் நீளத்துக்குக் கோடு கிழித்துக் காயவைத்துச் சுட்டுப் பாருங்கள். கோடு ஒவ்வொரு மில்லிமீற்றர் குறைவதும் நூற்றுக்கு ஒன்று சுருங்கியதாகக் கணக்கு. 10 முதல் 12 வரை சுருங்குவது சாதாரணம். தேத்தண்ணிக் கோப்பை செய்யும்போது இந்தக் கணக்கு இல்லாவிட்டால் வாடிக்கையாளருக்குப் பொம்மைக் கோப்பைதான் கிடைக்கும்.

கையும் கருவியும்

வெளிநாட்டுக் கருவிப் பெட்டி எதுவும் வேண்டாம். களி அறுக்கத் தங்கூசி (நைலோன் நரம்பு), வழிக்கச் சிரட்டைத் துண்டு, சீவ ஒடிந்த ஹக்சோ பிளேட், கீறச் சைக்கிள் கம்பி, ஒரு ஸ்பொஞ்ச். மீதியை மூங்கிலில் நீங்களே சீவிக்கொள்ளலாம்.

பிசைவதை ரொட்டிக்கு மாவு பிசைவது போல என்று சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. கை அசைவு சரிதான். ஆனால் மாவைப் போல மடித்து மடித்துக் காற்றை உள்ளே விட்டால் சக்கரத்தில் களி ஒரு பக்கம் இழுக்கும். அமுக்கித் தள்ளுங்கள், மடிக்காதீர்கள். தங்கூசியால் குறுக்கே அறுத்துப் பாருங்கள், ஓட்டை இல்லாமல் வழவழவென்று இருந்தால் போதும்.

முதல் சில மாதங்களுக்குச் சக்கரமே இல்லாமல் உருண்டையைக் கட்டைவிரலால் குழித்துக் கிண்ணம் செய்யுங்கள். அப்புறம் திரி உருட்டி அடுக்கிச் சட்டி. பிறகு பலகையில் தட்டையாக உருட்டித் தட்டு. சுவர்த் தடிப்பு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதை விரல் இப்படித்தான் படிக்கும். சக்கரத்துக்கு வந்த பிறகு அரைக் கிலோ உருண்டைகளோடு நில்லுங்கள். எழுந்து வந்த முதல் பாத்திரங்களைச் சேர்த்து வைக்காமல் நடுவே அறுத்துப் பாருங்கள். அடி தடித்தும் தோள் மெலிந்தும் இருப்பது வெளியிலிருந்து தெரியாது.

நுவரெலியாவில் காலையில் பீலித் தண்ணீரில் கை வைத்து வனைய வீரம் தேவையில்லை. வாளியில் கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்துகொள்ளுங்கள். விறைத்த விரலுக்குக் களியின் பதம் தெரியாது.

காயவைத்தல்

வெடிப்புகளில் பெரும்பகுதி ஒரு பக்கம் முந்திக் காய்வதால் வருகிறது. முந்திக் காய்ந்த பகுதி சுருங்கிவிடும், மற்றது சுருங்காமல் நிற்கும், இரண்டுக்கும் நடுவே பிளக்கும். அதனால் எல்லா இடமும் சேர்ந்து காய வேண்டும், அவசரப்படுத்தக் கூடாது.

கைப்பிடி ஒட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பையும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். ஒட்டும் இடம் இரண்டிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, களிக்குழம்பு தடவி, ஓரத்தில் குழம்பு பிதுங்கும் வரை அழுத்துங்கள். அப்புறம்தான் பலர் அவசரப்படுவார்கள். அதை அப்படியே காற்றில் வைக்காமல் பொலித்தீனுக்குள் ஓரிரு நாள் மூடி வையுங்கள். மெல்லிய கைப்பிடியும் தடித்த உடம்பும் உள்ளே ஈரத்தைப் பகிர்ந்துகொள்ளும். மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கைப்பிடியை மட்டும் இன்னும் சில நாள் சுற்றி வையுங்கள். மழைக்காலத்தில் பொலித்தீனுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, சூளையில் எரிந்து போகும்.

விளிம்பு தன் எடையைத் தாங்கும் அளவுக்கு இறுகியதும் பாத்திரத்தைக் கவிழ்த்து, அடிக்குக் காற்றுப் படும்படி கம்பித் தட்டில் வையுங்கள். பலகையில் வைத்த பாத்திரத்தின் அடிதான் கடைசியில் காயும்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள், குளிர்ந்தால் ஈரம். கொழும்பில் இது பலிக்கும். எங்கள் ஊரில் விடிகாலையில் சுவரில் கன்னம் வைத்தாலும் குளிரும். ஆகவே சமையலறைத் தராசை எடுங்கள். எடையைப் பார்த்துப் பாத்திரத்தின் மேலேயே பென்சிலில் எழுதி வையுங்கள், சுடும்போது அழிந்துவிடும். அடுத்த நாள் குறைந்திருந்தால் இன்னும் காய்கிறது. இரண்டு மூன்று நாள் ஒரே எடையில் நின்றால், அந்த அறையின் காற்று எவ்வளவு காயவிடுமோ அவ்வளவு காய்ந்துவிட்டது. முழுதாகக் காய்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பனிமூட்டம் கதவு வழியாக உள்ளே வருகிற அறையில் களி எப்போதும் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அந்த மிச்சத்தைச் சூளையில்தான் விரட்ட வேண்டும்.

ஒரு பழைய அலுமாரியின் அடியில் சூடாகும் குண்டு பல்ப் ஒன்றைப் போட்டு, மேலே ஈரம் வெளியேறத் துளை போட்டுக்கொண்டால் நல்ல உலர்பெட்டி கிடைத்துவிடும். எல்ஈடி பல்ப் இதற்கு உதவாது. அடுப்புக்கு மேலே விறகு காயவைக்கும் தட்டிலும் வைக்கலாம், ஆனால் கடைசிக் கட்டத்தில் மட்டும்.

சுடுதல்

காசு இல்லாமல் தொடங்குபவருக்கு மரத்தூள் சூளை போதும். செங்கற்களைச் சின்ன இடைவெளி விட்டுப் பெட்டி போல அடுக்கி, மரத்தூளும் பாத்திரமும் மாறி மாறி நிரப்பி, மேலே தீ வைத்துத் தகரத்தால் மூடிவிட்டால் அது மெதுவாகப் புகைந்து கீழே இறங்கும். பாத்திரங்கள் கறுப்பாக வரும், பார்க்க நன்றாக இருக்கும். தண்ணீர் கசியும், சாப்பாட்டுக்கு ஆகாது. பூச்சட்டிக்கும் அலங்காரத்துக்கும் சரி.

மின்சூளை வாங்குவதென்றால் முதலில் வீட்டு இணைப்பைப் பாருங்கள். 230 வோல்ட், 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பில் மொத்தமே 6.9 கிலோவாட்தான் எடுக்கலாம். ஆகவே 4, 5 கிலோவாட் சூளைக்கு மேல் போகாதீர்கள். தனி வயர், தனிப் பிரேக்கர், சரியான ஏர்த், இதெல்லாம் தெரிந்த மின்வேலைக்காரர் போட வேண்டும். லயத்தில் பல வீட்டுக்கும் ஒன்றாக ஓடும் பழைய வயரில் சூளையை மாட்டுவது தீ வைத்துக்கொள்வதற்குச் சமம்.

பூச்சுப் பூசுவதற்கு முந்திய முதல் சுடுதலுக்கு ஒரு வழி சொல்கிறேன். மாலையில் அடுக்கி, புகைத்துளையைத் திறந்தே வைத்து, இரவு முழுவதும் 80 பாகையில் நிறுத்துங்கள். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். 100 வரை பயமில்லை என்று நினைத்து ஏற்றினால் உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகி அடியைத் தூக்கி எறியும். காலையில் புகைத்துளைக்கு முன் ஒரு கண்ணாடித் துண்டைப் பிடியுங்கள். ஆவி படிந்தால் இன்னும் பொறுங்கள். படியாவிட்டால் மணிக்கு 100 பாகை வீதம் 600 வரை. இந்த இடைவெளியில் களியோடு இரசாயனமாகப் பிணைந்திருக்கும் நீர் வெளியேறும். 573 பாகையில் குவாட்ஸ் திடீரென்று பருமன் மாறும். அங்கே ஏறும்போதும் இறங்கும்போதும் நிதானம். பிறகு கொஞ்சம் வேகமாக 950 முதல் 1,000 வரை. நடுவில் கரண்ட் போனால் பதற வேண்டாம், வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

100க்குக் கீழே இறங்கும் வரை மூடியைத் திறக்காதீர்கள். மலைக் காற்று உள்ளே போன வேகத்தில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்கும், அது பாத்திரம் பிளந்த சத்தம். எடுத்த பிறகு ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் சரி, சட்டென்று அமுங்கினால் எங்கோ வெடிப்பு இருக்கிறது.

காஸ் சூளைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு. நுவரெலியாவில் காற்று கொழும்பை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெலிந்தது. கீழே சரிபார்த்துக் கொடுத்த பர்னர் இங்கே மஞ்சளாகவும் புகையாகவும் எரியும். காற்று வாயை அகலத் திறக்க வேண்டும், அல்லது காஸ் வரும் ஜெட்டைச் சின்னதாகப் போட வேண்டும். கட்டாயம் திறந்த இடத்தில் வையுங்கள்.

பூச்சு

ஈயம் கலந்த பூச்சு வேண்டவே வேண்டாம், விலை எவ்வளவு குறைவானாலும். ஈயம் இல்லாதது என்று எழுதிக் கொடுப்பதை மட்டும் வாங்குங்கள். பாத்திரத்தின் அடியிலும் அடியிலிருந்து 3 மில்லிமீற்றர் உயரத்துக்கும் மெழுகு தடவி விட்டால் பூச்சு ஒட்டாது, சூளைத் தட்டோடும் பாத்திரம் ஒட்டாது.

எங்களுக்கென்று ஒரு வசதி உண்டு. பழைய தேயிலைச் செடிகளைப் பிடுங்கும்போது விறகாக எரித்த சாம்பல் வீட்டு அடுப்பிலேயே கிடக்கிறது. அதைச் சலித்து, 40 பங்கு சாம்பல், 40 பங்கு பெல்ட்ஸ்பார், 20 பங்கு களி என்று கலந்து, 1,250 முதல் 1,280 பாகையில் சுட்டுப் பார்க்கலாம். இது தொடக்கக் கணக்குத்தான், சாம்பலுக்குச் சாம்பல் மாறும். சின்னக் களி வில்லைகளில் பரிசோதிக்காமல் பாத்திரத்தில் பூசாதீர்கள். சாம்பல் கரைசல் தோலை அரிக்கும், கையுறை போடுங்கள். இன்னொன்று: வயல் சிவப்புக் களியை அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோனால் உப்பும், உருகித் தட்டில் படுத்துவிடும். உயர் சூட்டுக்குரிய களியில்தான் இந்தப் பூச்சு சரிவரும்.

கற்பித்தல்

பாத்திரம் விற்று மட்டும் மாதம் முழுவதும் சமாளிப்பது கஷ்டம். சீசன் இல்லாத மாதங்களில் வாடகையைக் கொடுப்பது வகுப்புதான். எல்லாம் தெரிந்த பிறகுதான் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். கையால் செய்வதை வெடிக்காமல் சுட்டெடுக்கத் தெரிந்துவிட்டால் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கலாம். சக்கரம் சொல்லிக்கொடுக்க இன்னும் காலம் வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒன்றரை மணித்தியாலம் போதும். ஞாயிறு அறநெறி வகுப்போடும் டியூஷனோடும் மோதாமல் சனிக்கிழமை காலையைப் பாருங்கள். ஒரு ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். கார்த்திகைக்கு முன்னால் விளக்கு, தைப்பொங்கலுக்கு முன்னால் குட்டிப் பானை என்று வைத்தால் அவர்களே ஆசையாக வருவார்கள்.

எல்லாப் பிள்ளைகளும் ஆனை செய்வார்கள். கால் நாலும் கட்டியாக, வயிறு இன்னும் கட்டியாக. காற்றுக்குமிழி இருந்தால் வெடிக்கும் என்பார்கள். உண்மையில் வெடிப்பது தடித்த களிக்குள் காயாமல் மாட்டிய ஈரம். ஆனை கொஞ்சம் இறுகியதும் கவிழ்த்து, ஒவ்வொரு காலின் அடியிலிருந்தும் பென்சிலைச் சுழற்றி வயிறு வரை விடுங்கள். வயிற்றைக் கரண்டியால் தோண்டி விரல் தடிப்புக்குக் கொண்டுவாருங்கள். இதைப் பிள்ளைக்குத் தெரியாமல் செய்யாதீர்கள், அதன் கையாலேயே செய்ய வையுங்கள். தன் ஆனைக்குள் ஓட்டை இருக்கிறது என்று வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்லும். அடியில் பெயரைக் கீறச் சொல்லவும் மறக்காதீர்கள், சுட்ட பிறகு எல்லா ஆனையும் ஒரே சாயல்.

வகுப்பு முடிந்ததும் அம்மாக்கள் கேட்பார்கள், “டீச்சர், அடுத்த சனிக்கிழமை புள்ள செஞ்சத எடுத்துட்டுப் போகலாமா?” திகதி சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். “மழை விடட்டும் அக்கா, காஞ்சதும் போன் பண்றேன்.” சேரும் அன்றே மூன்று, நான்கு வாரம் ஆகும் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

“மண்ணு வேலையிலிருந்து புள்ளைய மீட்கத்தான் படிக்க வைக்கிறோம், நீங்க திரும்ப மண்ணுக்கே கூப்பிடுறீங்களே” என்று ஒரு அப்பா கேட்டால் கோபப்படாதீர்கள். தலைமுறை தலைமுறையாகக் கொழுந்தும் கவாத்துமாக இருந்த வீட்டிலிருந்து வருகிற கேள்வி அது, நியாயமானது. சூடும் சுருக்கமும் இரசாயனமும் கணக்கும்தான் இங்கே ஓடுகிறது என்று சூளைப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். என் அனுபவத்தில் வாதாடுவதை விட அது பலிக்கிறது.

எல்ல, நுவரெலியாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் வேறு கதை. நாளைக்கே ரயில் ஏறுவார்கள், பாத்திரம் காயக்கூட நேரமில்லை. சுடாத பாத்திரத்தைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் வழியிலேயே தூளாகும். சக்கரத்தில் செய்யவிட்டு, ஒன்றைத் தெரிவுசெய்யச் சொல்லி, சுட்டுத் தபாலில் அனுப்பும் செலவையும் சேர்த்தே கட்டணம் வாங்குங்கள். தபால் வேண்டாம் என்பவருக்கு நீங்கள் சுட்டு வைத்திருக்கும் கோப்பை ஒன்றைக் கையோடு கொடுத்துவிடலாம்.

கட்டணம் போடும்போது களியையும் கரண்டையும் மட்டும் கணக்குப் பார்த்தால் நட்டம்தான். பிசைந்து வைப்பது, துடைப்பது, ஒவ்வொரு பாத்திரத்தையும் மூடித் திறப்பது, சூளைக்குப் பக்கத்தில் இருப்பது என்று வகுப்பு நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் போகும். அதற்கும் கூலி போடுங்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் குறைத்து வாங்க விரும்பினால், பயணிகளின் கட்டணத்திலிருந்து அதை ஈடுகட்டலாம்.

விற்பனையும் பதிவும்

வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகம் மூலம் பதிந்துகொள்ளுங்கள், வங்கிக் கணக்குக்கும் ஹோட்டல் ஓர்டருக்கும் கேட்பார்கள். தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினைஞராகப் பதிவு செய்வதையும் விசாரித்துப் பாருங்கள். லக்சல போன்ற அரச விற்பனை நிலையங்களை அணுகும்போது அது உதவும்.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு விற்க வேண்டுமென்றால் பெப்ரவரி முடிவதற்குள் எல்லாம் சுட்டு முடிந்திருக்க வேண்டும். ஹோட்டல்காரர் ஐம்பது கோப்பை கேட்டால் அறுபது செய்யுங்கள். பாதிப் பணத்தை முதலிலேயே வாங்கி, ஒரு மாதிரிக் கோப்பையில் இருவரும் கையெழுத்துப் போட்டு அதை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். நிறம் கொஞ்சம் மாறிவிட்டது என்று பிறகு வரும் பேச்சு அந்தக் கோப்பையைக் காட்டினால் முடிந்துவிடும்.